எழுதியதை எடுத்து வைத்தல்



நம் தமிழ்ச் சங்க அறையின் தென்மூலையில் ஓர் இரும்புப் பெட்டி இருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கூட்டம் நிறைந்த நாளில் அதுவே நமக்கு இருக்கை. பொங்கல் விழாவன்று கரும்புக் கட்டைச் சாத்தி வைப்பதும் அதன்மேல்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? நானும் கேட்டதில்லை. சென்ற நவம்பரில், ஆண்டு மலருக்குப் பழைய இதழ்களிலிருந்து நான்கைந்து கட்டுரைகளைத் தேர்ந்து மறுபதிப்புச் செய்யலாம் என்று முடிவானபோதுதான் அதைத் திறந்தோம்.

மேலே விழாத் துணிகள் கிடந்தன. அவற்றின் கீழே சங்கத்து இதழ்கள், சணல் கயிற்றால் கட்டிய மூன்று கட்டுகளாக இருந்தன. முதற்கட்டை எடுத்தேன், மேலட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்தது கரையான் மண். இரண்டாம் கட்டில் இதழ்கள் இருந்தன. ஆனால் பலவற்றில் ஆண்டு குறிக்கும் பக்கம் இல்லை. மூன்றாம் கட்டின் அடியில் ஒரு குறுந்தகடு. ‘இதழ்கள் முழுவதும்’ என்று அதன்மேல் மையால் எழுதியிருந்தது. அதைக் கண்டதும் நாங்கள் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று. கணிப்பொறியில் இட்டுத் திறந்தோம். கோப்புகள் திறந்தன, ஆனால் அவற்றில் தமிழ் இல்லை. உரோமன் எழுத்துகளும் மேற்புள்ளிகளும் குறியீடுகளும் கலந்த ஏதோ ஒன்று பக்கம் பக்கமாக ஓடியது. அது ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை சங்கத்துப் பெட்டியைப் பற்றி மட்டுமன்று. நம் இதழில் இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கும் தோழர்களை எண்ணியே இதை எழுதுகிறேன். எழுதத் தொடங்கியவன் அடுத்து என்ன எழுதுவது என்றே நினைக்கிறான். எழுதி முடித்ததை மறந்துவிடுகிறான். ஓராண்டில் ஐந்து கட்டுரைகள், இரண்டாண்டில் பன்னிரண்டு என்று பழையவை பெருகுகின்றன. ஒரு நாள் அவற்றில் ஒன்று தேவைப்படும்போது அது எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை.

எனக்கு இதில் சொந்த நட்டமும் உண்டு. என் தந்தையாரின் வேலை காரணமாக நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூரை விட்டு வடக்கே வந்தோம். நாகபுரி, போபால், பிறகு தலைநகர் என்று ஏழு வீடுகள் மாறினோம். வீடு மாறும்தோறும் ஒரு பெட்டி குறையும். எனக்குத் தமிழ் எழுதக் கற்பித்தவர் என் பாட்டனார். அதுவும் கடிதத்தின் வழியாக. நான் எழுதி அனுப்பும் கடிதத்தில் உள்ள பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, தம் பதிலோடு சேர்த்துத் திருப்பி அனுப்புவார். ஆறாண்டுக் கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. போபாலை விட்டுக் கிளம்பிய அன்று, பழைய செய்தித்தாள்களோடு அந்த டப்பாவும் கபாடிவாலாவின் தராசில் ஏறிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. டப்பாவின்மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் பெயரும் தேதியும். இது மிகச் சிறிய செய்தி போலத் தோன்றும். சங்க இலக்கியம் படித்தவர்கள் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் என்று ஒரு புலவர் இருக்கிறார். அணிலாடு முன்றிலார் என்று ஒருவர் இருக்கிறார். பெற்றோர் இட்ட பெயர்களா இவை? அவர்களுடைய இயற்பெயர் மறைந்து போனமையால், அவர்கள் பாட்டில் வந்த தொடரையே எடுத்துப் பெயராக்கி வைத்தார்கள். பாட்டு அழகாக இருந்ததனால் அந்தப் பெயரும் அழகாக அமைந்தது. நம் கட்டுரையில் அப்படிப் பெயராக்கத்தக்க தொடர் கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை; ஆகையால் ஒவ்வொரு தாளிலும் பெயரை எழுதிவிடுவதே நல்லது. தேதி எழுதும்போது ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். ‘ஆடி வெள்ளி இரவு’ என்று குறித்த ஒரு கவிதை என்னிடம் இருக்கிறது. எந்த ஆடி, எந்த ஊர் இரவு என்று எனக்கே தெரியவில்லை.

கணிப்பொறியில் எழுதுவோருக்கு இங்கே ஒரு சொல். கோப்புக்கு ‘கட்டுரை’, ‘கட்டுரை புதியது’, ‘கட்டுரை கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்று பெயர் வைக்கும் வழக்கம் நம் விடுதியில் எல்லா அறைகளிலும் உண்டு. அதை விட்டுவிடுங்கள். ஆண்டை முதலிலும், பின்னர் மாதத்தையும், அதன்பின் நாளையும் எண்ணால் எழுதி, அதன்பிறகு தலைப்பை எழுதுங்கள்: 2024-08-15 என்பது போல. மாதமும் நாளும் எப்போதும் இரண்டு இலக்கமாகவே இருக்கட்டும். இப்படி எழுதினால் பெயர்வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். நீங்கள் அடுக்க வேண்டியதில்லை, பொறியே அடுக்கிக் கொள்ளும்.

இனி, அடுக்குவது எப்படி? பொருள் வாரியாகவா, கால வாரியாகவா? இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். பொருள் வாரியாக அடுக்கத் தொடங்கினால், அறிவியல் என்று ஒரு கட்டு, இலக்கியம் என்று ஒரு கட்டு, பயணம் என்று ஒரு கட்டு. அப்படியானால் கடலைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை எதில் போகும்? ஆறு மாதத்தில் ‘பிற’ என்ற கட்டே பெரிய கட்டாகிவிடும். ஆவணக் காப்பகங்களில் இதற்கு ஒரு விதி உண்டு. 1841இல் பிரெஞ்சு நாட்டில் அரசாங்கச் சுற்றறிக்கை ஒன்றின் மூலம் அது நிலைபெற்றது: ஓர் அலுவலகத்திலிருந்தோ ஒருவரிடமிருந்தோ வந்த தாள்களை வேறொருவருடைய தாள்களோடு கலக்கக் கூடாது என்பது. அதனோடு பின்னாளில் சேர்ந்தது இன்னொன்று: அவை எந்த வரிசையில் உண்டாயினவோ அந்த வரிசையைக் குலைக்காதே என்பது. ஒரு தாளுக்கு முன்னும் பின்னும் இருக்கும் தாள்களே அதன் பொருளைச் சொல்லுகின்றன அல்லவா? தாளைக் காலப்படி வைத்துவிட்டு, பொருள் வாரியான பகுப்பை அடைவில் செய்து கொள்ளலாம்.

‘நம் முன்னோர் பொருள் வாரியாகத்தானே தொகுத்தார்கள்?’ என்று தமிழ் பயிலும் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அகநானூற்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் ஒற்றைப்படை எண் பெற்ற பாட்டுகள் யாவும் பாலை. 2, 8 என்று முடியும் எண்கள் குறிஞ்சி. 4 என்று முடிபவை முல்லை. 6 என்று முடிபவை மருதம். 10, 20 என்று வருபவை நெய்தல். ஆக, நானூறு பாட்டில் பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் நாற்பது நாற்பது. எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். ஓலை ஒன்று கட்டை விட்டு இடம் மாறினாலும் அது இருக்க வேண்டிய இடத்தைத் தேடுவதற்கு ஒரு துணை இருக்கிறது. கணிதம் பயிலும் எனக்கு இதை முதன்முதல் அறிந்த அன்று உறக்கம் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொகுத்தவர் கையில் முழுத் தொகையும் இருந்தது. பாட்டுகள் முன்பே பாடப்பட்டுவிட்டன. நாமோ இன்னும் எழுதிக் கொண்டிருக்கிறோம். வளர்ந்து கொண்டிருக்கும் தொகைக்குக் கால வரிசையே ஏற்றது என்பது என் கருத்து.

அவ்வரிசைக்குத் துணையாக ஓர் அடைவு வேண்டும். இதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: வரிசை எண், தேதி, தலைப்பு, பொருள், எங்கே வெளிவந்தது, படி எங்கே இருக்கிறது. கடைசியில் குறிப்புக்குச் சிறிது இடம். சென்ற டிசம்பரில் இரண்டு மாலைப்பொழுது செலவிட்டு என் அடைவை எழுதினேன். நாற்பத்தொரு வரிகள் வந்தன. அவற்றில் ஆறுக்கு ‘படி எங்கே’ என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. வருத்தந்தான், எனினும் எது இல்லை என்று தெரிந்திருப்பதே ஒரு பயன். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை என்று நாம் உறுதியாகச் சொல்ல முடிகிறதே, அது ஏன்? பத்துப் பத்து என்ற கணக்கு இருந்ததனால்தான். கணக்கு இல்லையென்றால் கிடைத்த எண்பதையே முழுநூல் என்று எண்ணியிருப்போம்.

அடுத்து, எதையும் தூக்கி எறியாமல் வைத்துக் கொண்டால் போதாதா என்று சிலர் நினைக்கிறார்கள். இதற்கு விடையாக இராமானுசன் தாள்களின் வரலாற்றைச் சொல்லலாம். அவர் கணிதக் குறிப்பேடுகளை மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் நிழற்படப் பதிப்பாக இரு தொகுதிகளில் வெளியிட்டது. அவை தப்பின. ஆனால் இங்கிலாந்திலிருந்து திரும்பி, 1920இல் இறக்கும் வரையில் அவர் எழுதிய தாள்கள் வேறு. அவற்றைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1923இல் பேராசிரியர் ஹார்டிக்கு அனுப்பியது. பின்னர் அவை பர்மிங்காமில் இருந்த வாட்சன் என்ற கணித அறிஞரிடம் சென்றன. வாட்சன் எதையும் எறியாத மனிதர். 1965இல் அவர் காலமானார். அவரைப் பற்றி நினைவுக் குறிப்பு எழுத வேண்டியிருந்த விட்டேக்கர் என்பவர் அவ்வீட்டுக்குச் சென்று படிப்பறையைப் பார்த்தார். தரை முழுவதும் ஏறக்குறைய ஓரடி உயரத்துக்குத் தாள்கள் கலந்து கிடந்தன! கணிதத் தாளும் பழைய இரசீதும் 1923ஆம் ஆண்டு வருமானவரிக் கணக்கும் ஒரே குவியல். இன்னும் சில நாளில் அவற்றை எரித்துவிடுவதாக ஏற்பாடு. குவியலுக்குள் கைவிட்டு எடுத்துப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை. அப்படி எடுத்ததில் ஒருமுறை இராமானுசன் எழுத்து கையில் வந்தது.

ராங்கின் என்ற பேராசிரியர் மூலம் 1968இல் அத்தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி நூலகம் சேர்ந்தன. அங்கும் எட்டாண்டு அவற்றைக் கேட்பார் இல்லை. 1976இல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், வாட்சன் விட்டுச் சென்ற தாள்களைப் புரட்டும்போது அவற்றைக் கண்டுகொண்டார். நூறு பக்கங்களுக்கு மேல்; அறுநூறுக்கு மேற்பட்ட வாய்பாடுகள். உலகம் அதைத் ‘தொலைந்த குறிப்பேடு’ என்கிறது. அது தொலையவே இல்லை, எறியவும் இல்லை. பட்டியல் இல்லாமல் இருந்தது. எனக்கு இந்த வரலாற்றில் வாட்சன்மேல் கோபம் வருவதில்லை. என் மேசை இழுப்பறையின் நினைவுதான் வருகிறது.

ஆகையால், குப்பை சேராமல் பார்த்துக் கொள்ளுங்கள். ஒரு கட்டுரைக்கு முதல் வரைவு, வெளிவந்த வடிவம் ஆகிய இரண்டும் இருந்தால் போதும். நடுவிலே திருத்தி எழுதிய ஏழு படிகள் எதற்கு? பயணச் சீட்டும் உணவுவிடுதிக் கணக்கும் தனியே போகட்டும்.

இனி, சற்றுக் கூச்சத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று. பழைய எழுத்தில் பிழை இருந்தால் என்ன செய்வது? முதலாண்டில் நான் இவ்விதழில் ‘வானம் ஏன் நீலம்?’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். வான நீலத்துக்கு இராமன் விளைவே காரணம் என்று அதில் துணிந்து எழுதிவிட்டேன். அது தவறு. சூரிய ஒளி காற்றின் மூலக்கூறுகளில் பட்டு, அலைநீளம் மாறாமலே சிதறுகிறது. குறுகிய அலையாகிய நீலம் மிகுதியாகச் சிதறுகிறது. இதனை விளக்கியவர் ராலே. இராமன் 1928இல் கண்டது வேறு: சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி தன் அலைநீளத்தையே மாற்றிக் கொள்கிறது என்பது. இதழ் வெளிவந்த மறுநாளே இயற்பியல் துறை அண்ணன் ஒருவர் உணவுக்கூடத்தில் எல்லோர் முன்னும் இதைச் சொல்லிவிட்டார். ‘அடுத்த முறை இதழைத் தொகுக்கும்போது அந்தப் பக்கத்தை நீக்கிவிடுங்கள் அண்ணா’ என்று ஆசிரியரிடம் போய் நின்றேன். அவர் சிரித்தார். ‘தம்பி, உன் சோதனைக்கூட நோட்டில் தவறாக ஓர் அளவைக் குறித்துவிட்டால் பக்கத்தைக் கிழிப்பாயா?’ என்றார்.

கிழிக்க மாட்டோம். தவறான எண்ணின்மேல், அது படிக்கத் தெரியும்படியாக ஒரே ஒரு கோடு இழுப்போம். பக்கத்தில் சரியான எண்ணை எழுதித் தேதியும் கையொப்பமும் இடுவோம். நோட்டின் நம்பகம் அதில்தான் இருக்கிறது. அவ்வண்ணமே அடுத்த இதழில் திருத்தம் வெளிவந்தது. என் படியில் அந்தக் கட்டுரையின் ஓரத்தில் திருத்தத்தைத் தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறேன். கருத்து மாறிய இடத்திலும் இதுவே முறை. பத்தொன்பது வயதில் நீங்கள் ஒருவரைப் போற்றி எழுதியிருக்கலாம். இருபத்து மூன்றில் அப்படி எழுத மாட்டீர்கள். பழையதைத் திருத்தி இன்று எழுதியது போல ஆக்குவது பொய்க் கணக்கு. புதிய கருத்தைப் புதிய கட்டுரையாக எழுதுங்கள். அடைவில் இரண்டுக்கும் எதிரே மற்றதன் எண்ணைக் குறித்துவிடுங்கள்.

தாளைப் பற்றி வேதியியல் தோழர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். மரக்கூழால் செய்த மலிவுத் தாளில் லிக்னின் என்ற பொருள் தங்கியிருக்கிறது. வெளிச்சம் பட்டு அது மஞ்சளாகிறது. மை ஊறாமலிருக்கப் பழைய தாள்களில் அலுமினியம் சல்பேட்டும் ஒருவகைப் பிசினும் சேர்த்தார்கள். ஈரம் பட்டால் அதிலிருந்து அமிலம் உண்டாகி, தாளின் நாரான செல்லுலோசுச் சங்கிலியை அறுக்கிறது. ஐம்பதாண்டுச் செய்தித்தாள் மடித்த இடத்தில் அப்பளம் போல் ஒடிவது இதனால்தான். செய்தித்தாள் துணுக்குகளைக் கட்டுரைப் படிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவும். இரும்புக் குண்டூசி துருப்பிடிக்கும். ரப்பர் வளையம் இளகி ஒட்டிக் கொள்ளும். ஒட்டுநாடா பத்தாண்டில் பழுப்புக் கறையாக மாறும். கிழிந்த இதழை நான் அன்போடு ஒட்டுநாடா போட்டு ஒட்டியதுண்டு. அந்த அன்பு இன்று கறையாக நிற்கிறது. பருத்தி நாடாவால் தளரக் கட்டி, தரையிலும் சுவரிலும் படாதபடி பலகைமேல் வையுங்கள். நம் பெட்டி தரையில், ஈரம் ஏறும் சுவரை ஒட்டி இருந்தது. கரையானைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது அந்தக் குறுந்தகட்டுக்கு வருகிறேன். கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அகரத்துக்கு எந்த எண் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். தொண்ணூறுகளில் இதற்குப் பொதுவான ஒரு முடிவு நடைமுறையில் இல்லை. ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும், ஆங்கிலத்துக்கென்று இருந்த எண்களின்மேல் தமிழ் வடிவங்களைத் தம் விருப்பப்படி ஏற்றி வைத்தார்கள். ஒரு நிறுவனத்து எழுத்துருவில் ‘க’ என்று தோன்றும் எண், மற்றொன்றில் ‘ஞா’வாகவும் இருக்கலாம், வெறும் புள்ளியாகவும் இருக்கலாம். இதைச் சீர்செய்ய 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியாக டேம், டேப் என்ற குறியீட்டு முறைகள் வந்தன. திஸ்கி என்ற முறையும் அக்காலத்தில் வழங்கியது. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதில் அகரத்தின் எண் 2949. அது வேறெந்த மொழியின் எந்த எழுத்துக்கும் உரியதன்று. ஆனால் அம்முறை நம் மேசைகளுக்கு வந்து பரவப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாட்டரசு 2010இல்தான் அதனை ஏற்று ஆணையிட்டது.

ஆகவே தட்டில் இருந்த எண்கள் ஒன்றும் கெடவில்லை. அவற்றுக்குத் திறவுகோலான எழுத்துரு மட்டும் எங்களிடம் இல்லை. பழைய செயலாளர் ஒருவருக்கு எழுதிக் கேட்டு, எழுத்துருவின் பெயரை அறிந்து, மாற்றித் தரும் மென்பொருள் கொண்டு யூனிகோடுக்கு மாற்றினோம். ஒன்பது ஆண்டு இதழ்கள் மீண்டன. ஆனால் ‘ற’ வரும் இடங்களில் சிலவற்றில் ‘நூ’ என்று வந்திருக்கிறது. ஆளமர்ந்து மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். இதிலிருந்து நான் கற்றவை சில. எழுத்தை யூனிகோடிலேயே வையுங்கள். அலங்காரமான பக்க வடிவத்தோடு கூடிய கோப்பு ஒன்று இருக்கட்டும். ஆனால் வெறும் எழுத்து மட்டும் உள்ள எளிய கோப்பும் கட்டாயம் இருக்கட்டும். மாற்றிய பிறகும் மூலத்தை அழிக்காதீர்கள். நாளை இதைவிட நல்ல மாற்றி வரலாம். மூன்று படிகள் வேண்டும்: கணிப்பொறியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. வேறு ஊர் என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். என் மூன்றாம் படி மதுரையில் என் அத்தை வீட்டு அலமாரியில் அடைவின் நகலோடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு நாளில், மூன்றையும் திறந்து பாருங்கள். திறந்து பாராத படியை இருக்கிறது என்று கணக்கில் எழுதக் கூடாது. முக்கியமானவற்றைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள். நீர் பட்டால் ஓடும் மையைவிட, கரித்தூள் கொண்டு அச்சிடும் பொறியின் எழுத்து நெடுநாள் நிற்கும்.

சங்கத்து இதழ்களுக்கும் இம்முறையிலேயே அடைவு எழுதத் தொடங்கியிருக்கிறோம். பெட்டி இப்போது செங்கல்மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அதன்மேல் உட்கார வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறோம். சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு மெய்ப்புப் பார்க்க நால்வர் கூடுகிறோம். இன்னும் மூவர் வந்தால் கோடை விடுமுறைக்குள் முடிந்துவிடும். அடைவில் 1983, 1984, 1991 ஆகிய ஆண்டுகளுக்கு எதிரே இன்னும் வெற்றிடமே இருக்கிறது. உங்கள் துறை நூலகத்திலோ, இங்கே முன்பு படித்த உறவினர் வீட்டுப் பரணிலோ அவ்விதழ்கள் இருந்தால் தாளைக்கூடத் தர வேண்டாம். செல்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும். அட்டையையும் ஆண்டு குறித்த பக்கத்தையும் விட்டுவிடாமல் எடுங்கள்.